பட்டியலை ஊர் படிக்கட்டும்

(திண்டிவனத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

உழவு சார்ந்த ஏதேனும் ஒரு பொருளில் ஆண்டுதோறும் இங்கே ஒருவர் பேச வேண்டும் என்பது இந்த அறக்கட்டளையை நிறுவியவர்களின் விருப்பம். இவ்வாண்டு அந்த வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

நான் எடுத்துக்கொண்ட பொருள், நம் விழுப்புரம் மாவட்டத்து உழவர் வீடுகளில் ‘கிசான் பணம்’ என்று சொல்லப்படும் உதவித்தொகை. அது யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை, 2020இல் அது எப்படித் திருடப்பட்டது, அந்தத் திருட்டுக்குப் பிறகு நாம் எதைச் சரி செய்தோம், எதைச் சரி செய்யாமல் விட்டோம் என்பவற்றைப் பேச வந்திருக்கிறேன். திண்டிவனம் என்ற பெயர் இந்திய வேளாண்மையில் சிறிய பெயரல்ல. இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான டி.எம்.வி. மணிலா ரகங்கள் தமிழ்நாட்டைத் தாண்டிப் பல மாநிலங்களின் கொல்லைகளில் விளைந்தன. அந்த மணிலாவைப் போடுகிறவருக்கு அரசாங்கத்தின் உதவி ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று இந்த ஊரில் நின்று கேட்பது பொருத்தம்.

ஆறாயிரம் ரூபாயின் விதி

அரசு உழவருக்குச் செய்யும் உதவி நெடுங்காலம் பொருள் வழியாகவே வந்தது. 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின் கட்டணத்தை எதிர்த்து உழவர்கள் நடத்திய போராட்டங்களின் தொடர்ச்சியாக, 1984இல் சிறு உழவர்களுக்கும் 1990இல் எல்லா உழவர்களுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. உரத்துக்கான மானியம் மூட்டையின் விலையிலேயே கழிக்கப்பட்டுவிடுகிறது. 45 கிலோ யூரியா மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறவருக்கு நிலம் உண்டா என்று கடைக்காரர் கேட்பதில்லை. ஆதார் எண்ணைச் சொல்லி விரல் ரேகை வைத்தால் போதும், பட்டா தேவையில்லை. சொந்த நிலமானாலும் குத்தகை நிலமானாலும், உரம் போடுகிறவர் கையில் மானியம் சேர்ந்துவிடும்.

2019 இந்த முறையில் ஒரு பெரிய திருப்பம். அவ்வாண்டு பிப்ரவரி 1ஆம் தேதி இடைக்கால நிதிநிலை அறிக்கையில் பிரதமரின் கிசான் சம்மான் நிதித் திட்டம் அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 24 அன்று கோரக்பூரில் தொடங்கி வைக்கப்பட்டு, 2018 டிசம்பரிலிருந்து முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு முறை 2,000 ரூபாய் வீதம், நேராக வங்கிக் கணக்குக்கு. முதலில் 2 ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு என்றார்கள். 2019 ஜூனில் அந்த வரம்பை நீக்கி, நிலம் உள்ள எல்லா உழவர் குடும்பங்களுக்கும் என்று விரித்தார்கள். வருமான வரி கட்டுவோர், நான்காம் நிலைப் பணியாளர் தவிர்த்த அரசு ஊழியர், மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் பெறுவோர், தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞர் போன்றோர் விலக்கப்பட்டார்கள்.

இந்த விதியின் நடு ஆணி ‘நிலம் உள்ள’ என்ற தகுதி. 2019 பிப்ரவரி 1 அன்று வருவாய்த் துறைப் பதிவில் யார் பெயரில் நிலம் இருந்ததோ அவரே பயனாளி. அதற்குப் பின் நிலம் வாங்கியவருக்கு இடமில்லை, வாரிசாகப் பெற்றவருக்கு மட்டும் விலக்கு உண்டு. உழுகிறாரா, விதைக்கிறாரா என்று விதி கேட்கவில்லை. மூட்டையில் இருந்த மானியம் பெயருக்கு மாறியபோது, பெயர் இல்லாத உழவர் அந்த இடத்திலேயே வெளியே நிறுத்தப்பட்டார். இனி நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

2020இல் நடந்தது

கொரோனா ஊரடங்கின்போது இத்திட்டத்தில் சேர்வதற்கான நடைமுறை தளர்ந்தது. அலுவலகத்துக்கு வராமல் உழவரே இணையம் வழியாகப் பதிவு செய்துகொள்ளலாம் என்ற வாய்ப்பு இருந்தது. அதை மக்கள் நன்மைக்கான ஏற்பாடு என்றே எவரும் சொல்வார்கள். ஆனால் அந்தப் பதிவை ஏற்றுக்கொள்ள வேண்டியவர்கள் வேளாண்மைத் துறை அலுவலர்கள். அவர்களுடைய பயனர் பெயரும் கடவுச்சொல்லும், அந்த அலுவலகங்களில் ஒப்பந்த அடிப்படையில் கணினி வேலை பார்த்தவர்களின் கையில் இருந்தன. அங்கிருந்து அவை தரகர்களுக்கும் பிரவுசிங் சென்டர்களுக்கும் போயின.

பதிவுக்குத் தேவைப்பட்டவற்றைப் பாருங்கள்: பெயர், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கிராமம், புல எண், உட்பிரிவு, பரப்பு. முதல் மூன்றும் ஆளைக் காட்டுபவை, பின் நான்கும் நிலத்தைக் காட்டுபவை. ஆளுக்கும் நிலத்துக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பதுதான் அலுவலரின் வேலை. அந்த வேலை நடக்காமலே ஒப்புதல் மட்டும் விழுந்தது. ஆதார் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் கொடுத்தால் பணம் வரும் என்று ஊர் ஊராகச் சொல்லப்பட்டது. வேலையில்லாமல் வீட்டில் முடங்கிக் கிடந்த கூலித் தொழிலாளர்கள் பலர் அதை கொரோனா நிவாரணம் என்றே நம்பிக் கொடுத்தார்கள். வந்த பணத்தில் ஒரு பங்கு கமிஷனாகப் போனது.

2020 ஆகஸ்டில் விஷயம் வெளியே வந்தது. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று தொடங்கி 13 மாவட்டங்களில் வழக்குகள் பதிவாயின. சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. அப்போது வேளாண்மைத் துறைச் செயலாளராக இருந்த ககன்தீப் சிங் பேடி, முறைகேட்டின் அளவு 110 கோடி ரூபாய் என்று செப்டம்பரில் அறிவித்தார். நாடாளுமன்றத்தில் மத்திய வேளாண் அமைச்சகம் அளித்த பதிலின்படி, சரிபார்க்கப்பட்ட 5.95 லட்சம் கணக்குகளில் 5.38 லட்சம் தகுதியற்றவை. அந்தப் பதில் தரப்பட்ட நேரத்தில் 61 கோடி ரூபாய் மீட்கப்பட்டிருந்தது. 96 ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டிருந்தார்கள். 52 பேர் கைதாகியிருந்தார்கள்.

இவற்றில் இரண்டு எண்களைச் சேர்த்துப் பாருங்கள். 110 கோடியை 5.38 லட்சத்தால் வகுத்தால் ஆளுக்கு ஏறத்தாழ 2,000 ரூபாய் வரும், அதாவது ஒரே ஒரு தவணை. பெருந்தொகையை ஒருவர் சுருட்டினால் தணிக்கையில் மாட்டுவார். ஐந்து லட்சம் பெயர்களில் இரண்டாயிரம் இரண்டாயிரமாகப் பிரித்தால் எந்தத் தனிப் பெயரும் கண்ணில் படாது. திருடியவர்கள் இந்தச் சூத்திரத்தை நன்றாக அறிந்திருந்தார்கள்.

மீட்பு எப்படி நடந்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது. தகுதியற்றவர்கள் என்று குறிக்கப்பட்டோரின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன, பணம் திரும்ப எடுக்கப்பட்டது. நூறு நாள் வேலைக் கூலி வரும் அதே கணக்குதான் அவர்களில் பலருக்கு இருந்த ஒரே கணக்கு. கமிஷனாகக் கொடுத்தது திரும்பவில்லை, அரசுக்கு முழு 2,000 ரூபாயைக் கட்ட வேண்டியிருந்தது. நிலமற்ற கூலிக்காரர் ஒருவர் தெரியாமல் கையெழுத்துப் போட்டதற்குப் பணமும் இழந்து, ‘போலி விவசாயி’ என்ற பட்டத்தையும் சுமந்தார். இந்த முறைகேட்டில் ஏமாந்தது அரசாங்கம் மட்டுமல்ல, இந்த ஏழைகளும்தான். குற்றவாளிகளையும் ஏமாந்தவர்களையும் ஒரே சொல்லால் அழைத்தது நாம் செய்த அநியாயம்.

ஊர் கூடாத காலம்

இந்தத் திருட்டைப் பற்றிப் பேசியவர்கள் எல்லோரும் கடவுச்சொல்லைப் பற்றிப் பேசினார்கள். நான் வேறொன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

ஒரு கிராமத்தில் யாருக்கு நிலம் இருக்கிறது என்பது ரகசியமல்ல. யாருக்கு எத்தனை காணி, யார் கழனி யாரிடம் குத்தகைக்கு இருக்கிறது, யார் நிலத்தை விற்றுவிட்டு சென்னைக்குப் போனார் என்பது டீக்கடையில் உட்காரும் எல்லோருக்கும் தெரியும். முந்நூறு வீடுள்ள ஒரு ஊரில் புதிதாக நூறு ‘விவசாயிகள்’ முளைத்தால், பட்டியலைக் காதால் கேட்ட மறு நொடியே ஊர் சிரித்துவிடும். இத்திட்டத்தின் வழிகாட்டு நெறிகளே பயனாளிகளின் பட்டியலை ஊராட்சியில் வெளியிட வேண்டும் என்று சொல்கின்றன. அப்படியானால் பட்டியல் ஏன் ஊரின் காதில் விழவில்லை?

விழுப்புரம், கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் அந்த நேரத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி மன்றமே இல்லை. 2016 அக்டோபரில் முந்தைய உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. 2019 டிசம்பரில் தமிழ்நாட்டின் மற்ற ஊரகப் பகுதிகளுக்குத் தேர்தல் நடந்தபோது, மாவட்டப் பிரிவினையைக் காரணம் காட்டி இந்த ஒன்பது மாவட்டங்கள் விடப்பட்டன. 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்தான் இங்கே தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுகள் நம் ஊர்களைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். போதாக்குறைக்கு 2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளும் ரத்து செய்யப்பட்டன.

முறைகேட்டுக்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஊராட்சித் தலைவர்கள் இருந்த மாவட்டங்களிலும் அது நடந்தது. ஆனால் பட்டியலைச் சத்தமாகப் படிக்க ஒரு மேடையும், கேட்க ஒரு கூட்டமும், ‘இவர் யார்?’ என்று எழுந்து நிற்க ஒரு உரிமையும் இல்லாத காலத்தில்தான் இது நடந்தது. காவல் காக்க ஊர் இருந்தும், அந்த ஊரை யாரும் கூட்டவில்லை.

அடங்கலில் இல்லாத பெயர்

முறைகேட்டுக்குப் பிறகு அரசு பல வேலிகளைப் போட்டது. ஆதார் வழி அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமானது. 2022 அக்டோபரில் வந்த பன்னிரண்டாம் தவணையிலிருந்து நில ஆவணத்தைப் பயனாளியின் பதிவோடு இணைப்பது கட்டாயமானது. பிறகு ஆதார் இணைந்த வங்கிக் கணக்கு, இப்போது உழவர்களுக்குத் தனித்துவ அடையாள எண். இவை தேவையான வேலிகள்தான். பொய்ப் பெயர் நுழைவது கடினமாகிவிட்டது. ஆனால் இந்த வேலிகள் எல்லாம் கேட்பது ஒரே கேள்வி: ‘உன் பெயரில் பட்டா உண்டா?’ உழுகிற ஆளை உள்ளே அழைக்க ஒரு வாசலும் திறக்கப்படவில்லை.

ஓலக்கூர், மயிலம், மரக்காணம் பக்கம் போய்ப் பாருங்கள். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். கூட்டுப் பட்டாவில் ஆறு பேர் இருப்பார்கள், ஒருவர் மட்டும் பயிர் செய்வார். கோயில் நிலத்தைத் தலைமுறையாக உழுகிறவருக்குப் பட்டா என்பதே கிடையாது. களை எடுப்பது, நாற்று நடுவது, மாடு பார்ப்பது என்று பாதிக்கு மேற்பட்ட வேலையைச் செய்யும் பெண்ணின் பெயர் எந்தக் காகிதத்திலும் இராது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாய்மொழிக் குத்தகை. நிலக்காரர் வெளியூரில் இருப்பார். வாரத்துக்கோ குத்தகைக்கோ ஒருவர் பயிர் வைப்பார். உழவு, விதை, உரம், அறுப்புக் கூலி எல்லாம் அவர் செலவு. தவணைப் பணம் நிலக்காரரின் கைப்பேசியில் குறுஞ்செய்தியாக விழும்.

இதை அடங்கலில் நேராகப் பார்க்கலாம். கிராமக் கணக்கு எண் 2 என்பது அடங்கல். ஒவ்வொரு பசலியிலும், அதாவது ஜூலை முதல் ஜூன் வரை, எந்தப் புல எண்ணில் எந்த உட்பிரிவில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தப் பாசனம் என்று கிராம நிர்வாக அலுவலர் நிலத்துக்கே போய்ப் பார்த்து எழுத வேண்டிய கணக்கு அது. உண்மையில் பயிர் வைத்தவர் யார் என்று எழுதவும் வழி உண்டு. ஆனால் பல ஊர்களில் போன பசலிப் பதிவே இந்தப் பசலிக்கும் வருகிறது. குத்தகைதாரர் தன் பெயரை எழுதச் சொல்லிக் கேட்பதில்லை. கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது. நிலக்காரரும் எழுத விடுவதில்லை. 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும் 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் அவர் நினைவில் இருக்கின்றன. பெயர் ஏறினால் நிலம் போய்விடும் என்ற பயம் அவருக்கு. உழவரைக் காக்க வந்த சட்டமே உழவரின் பெயரை மறைய வைத்துவிட்டது.

இது ஆறாயிரம் ரூபாயோடு நிற்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கழனிகள் ஏரிகளாயின. அரசு நிவாரணம் அறிவித்தது: 33 விழுக்காடும் அதற்கு மேலும் சேதமான நெல்லுக்கும் மற்ற இறவைப் பயிர்களுக்கும் ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிப் பயிருக்கு 8,500 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். கணக்கெடுப்பு முடிந்து விண்ணப்பம் கொடுக்கும்போது சிட்டாவும் அடங்கலும் கேட்டார்கள். பயிர் மூழ்கியது ஒருவருக்கு, காகிதம் இருந்தது இன்னொருவரிடம். மனமுள்ள நிலக்காரர்கள் பணத்தைக் குத்தகைதாரரிடம் கொடுத்தார்கள். மனமில்லாதவரைக் கேட்க எந்த விதியும் துணைக்கு வரவில்லை. பயிர்க் கடனிலும், 2021 பிப்ரவரியில் 12,110 கோடி ரூபாய்க்கு அறிவிக்கப்பட்ட கூட்டுறவுப் பயிர்க் கடன் தள்ளுபடியிலும் இதே நிலைதான். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கிடைத்தவருக்குத்தான் தள்ளுபடி. சங்கத்தில் கடன் கிடைக்காமல் வட்டிக்காரரிடம் வாங்கியவருக்குத் தள்ளுபடி ஏது?

மற்றவர்கள் கண்ட வழி

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் அரசுப் பொறுப்பாய்வு அலுவலகம் 2007இல் வெளியிட்ட அறிக்கை, 1999 முதல் 2005 வரை இறந்துபோன ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெயரில் 110 கோடி டாலர் பண்ணை மானியம் போயிருந்ததாகச் சொன்னது. வயலுக்குப் போய்ப் பாராமல் காகிதத்தை நம்பினால் எவ்வளவு பணக்கார நாட்டிலும் இதுவே நடக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் விமான நிலையங்களும் விளையாட்டு மைதான நிறுவனங்களும் கூட நிலம் வைத்திருப்பதால் வேளாண் மானியம் பெற்றன. 2013 சீர்திருத்தத்தில்தான் ‘உண்மையில் உழவு செய்பவர்’ என்ற நிபந்தனையைக் கொண்டுவந்தார்கள்.

நம் நாட்டின் பிற மாநிலங்களைப் பாருங்கள். தெலங்கானா 2018 மே மாதம் தொடங்கிய ரைத்து பந்து, ஏக்கருக்கு 4,000 ரூபாய் என்று பருவந்தோறும் கொடுத்தது. உச்சவரம்பு இல்லை, குத்தகை உழவருக்கு இடமும் இல்லை. ஐம்பது ஏக்கர்காரருக்கு இரண்டு லட்சம், உழுகிறவருக்கு ஒன்றுமில்லை. ஒடிசாவின் காலியா திட்டம் வாரத்துக்கு உழுவோரையும் நிலமற்ற வேளாண் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டது. ஆந்திரம் 2019இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் இயற்றியது. அதன்படி நிலக்காரரும் குத்தகைதாரரும் பதினொரு மாதத்துக்கு ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொள்வார்கள். குத்தகைதாரருக்கு ஓர் அட்டை கிடைக்கும். நிலத்தின் மீது எந்த உரிமையும் கிடையாது, பயிரின் மீது மட்டும் உரிமை. அந்த அட்டையைக் கொண்டு பயிர்க் கடன், காப்பீடு, நிவாரணம் கேட்கலாம். அட்டையில் கையெழுத்துப் போட நிலக்காரர்கள் அங்கேயும் தயங்குகிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் நிலத்தையும் பயிரையும் சட்டத்தில் பிரித்து வைத்தது அறிவுள்ள செயல். நிலக்காரரின் பயத்தைத் தீர்க்காமல் குத்தகைதாரரின் பெயரை எழுத முடியாது.

நாம் செய்யத் தகுந்தவை

நான் இங்கே மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

முதலாவது, தமிழ்நாடு பயிர் உரிமைக்குத் தனிச் சட்டம் கொண்டுவர வேண்டும். நில உரிமையைத் தொடாத, ஒரு பசலிக்கு மட்டும் செல்லும் சாகுபடி அட்டை வேண்டும். 2021 ஆகஸ்டிலிருந்து வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை வைக்கும் மாநிலம் இது. இலவச மின்சாரத்தை முன்கை எடுத்துக் கொடுத்த மாநிலம் இதையும் செய்ய முடியும்.

இரண்டாவது, அடங்கல் உயிர் பெற வேண்டும். 2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்களை அனுப்பி மின்னணு முறையில் பயிர்க் கணக்கெடுப்பு நடந்தது. மாணவர்கள் ஒரு முறை வந்து போவது போதாது. என்ன பயிர் என்று கேட்பதோடு, பயிர் வைத்தது யார் என்றும் அந்தக் கணக்கெடுப்பு கேட்க வேண்டும். பெண் பயிர் வைத்தால் பெண்ணின் பெயர் ஏற வேண்டும்.

மூன்றாவது கோரிக்கை அரசுக்கல்ல, இந்த அவையில் உள்ள உங்களுக்கு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நமக்கு உண்டு. கிசான் திட்டத்தின் ஊர்வாரிப் பயனாளிப் பட்டியல் இணையத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. புயல் நிவாரணப் பட்டியலையும் காப்பீட்டுப் பட்டியலையும் அதே போலத் திறந்து வைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பெயரை வெளியிட்டால் தனியுரிமை கெடும் என்பார்கள். ஐரோப்பாவில் 2010இல் நீதிமன்றம் வரை இந்த வாதம் போனது. சிறு தொகை பெறுவோரின் பெயரை மறைத்து, மற்றவர்கள் பட்டியலை மீண்டும் வெளியிட அவர்கள் வழி கண்டார்கள். நாம் ஆதார் எண்ணையோ வங்கிக் கணக்கையோ கேட்கவில்லை. யார், எந்த ஊர், எத்தனை ரூபாய் என்று கேட்கிறோம். பொதுப் பணத்தைப் பெறுகிறவர் பெயரை அறிய அந்த ஊருக்கு உரிமை உண்டு.

எனவே இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்த கிராம சபைக்குப் போகும்போது உங்கள் ஊர்ப் பட்டியலை அச்செடுத்துக் கையில் கொண்டு போங்கள். தலைவரிடம் கொடுத்து, பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். இல்லாத ஒருவர் பெயர் வந்தால் எழுந்து நின்று சொல்லுங்கள். உழுகிற ஒருவர் பெயர் வராவிட்டால் அதையும் எழுந்து நின்று சொல்லுங்கள், இரண்டையும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். முதல் வேலை திருட்டைத் தடுக்கும். இரண்டாவது வேலை அநீதியைத் தடுக்கும். இரண்டில் இரண்டாவதே பெரிய வேலை, ஏனென்றால் அதை உங்களைத் தவிர வேறு யாரும் செய்யப் போவதில்லை.